ஒரு அடி விட்டு அடித்தவன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் ஆறு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் டிபன் கடை போட்டு, ஆறு பேருக்கும் நான் ஒருத்தியாக நின்று சோறு போட்டேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், என் பெயரைப் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி எழுதுகிறாள். என் பெரிய மகனின் மகள்.

அந்த ஆறு பேரைப் பற்றி இல்லை இது. அவர்கள் நன்றாக இருக்கிறார்கள். வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லாத ஒருத்தனைப் பற்றி. என் கடையில் இரண்டரை வருஷம் சாப்பிட்டான். பெயரைச் சொல்லப்போவதில்லை. அவன் அம்மாவைக் கேட்காமல் அவன் பெயரை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளும் இப்போது இல்லை.

கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மரவள்ளி மூட்டை அடுக்குவதற்கு என் வீட்டுக்காரர் போட்டது. அவர் போன பிறகு சும்மா கிடந்தது. நாலு பையன்கள் வந்து, பாட்டுப் பழக இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பஜனை பாடுவார்கள் என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் இட்லிக் குண்டான் மூடி தானாக ஆடியது.

மின்சாரத்தில் அலறுகிற கிடார் இரண்டு. தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாட ஒருத்தன், அவன் பெயர் செல்வராசு, நெல் வியாபாரி மகன், அவன்தான் செட்டுக்குப் பெரியவன். பின்னால் ஏழெட்டு டிரம்மை வளைத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து அடிக்கிறவன் இவன். பாண்டிச்சேரி உறவுக்காரன் ஒருவன் கொடுத்த வெளிநாட்டுக் கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடித்த பைத்தியமாம். மெட்டல் என்று பெயர் சொன்னார்கள். வழக்கமாக வந்து சாப்பிடும் சேலம் பஸ் டிரைவர், "இன்னாக்கா, பின்னால லேத்து பட்டறை வெச்சிக்கினியா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

அவன் மலைக்காரன். கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வெள்ளிமலையில் இறங்கி, அதற்கு மேல் ஒரு பொழுது நடக்க வேண்டும் அவன் ஊருக்கு. பத்தாவது முடித்துவிட்டுக் கீழே வந்தவன். பகலில் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவான். ஆள் மெலிவு, மணிக்கட்டு மட்டும் உலக்கை மாதிரி இருக்கும். எப்போதும் கடைசி பெஞ்சு, கடைசி ஓரம்.

முதலில் எனக்குத் தென்பட்டது அவன் இலை. எவ்வளவு பசியில் வந்தாலும் ஒரு வாய் மீதி வைத்துத்தான் எழுவான். இரண்டு நாள் பார்த்தேன், மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள், என் கையால் அரைத்த சட்னி எவனுக்குப் பிடிக்காமல் போயிற்று என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

பயந்துபோய் எழுந்து நின்றான். "ஐயோ, அதில்லக்கா. எங்க அம்மா சாமை குத்தறப்போ கடைசிப் புடிய உரல்லயே வுட்டுடும். தேன் எடுக்கப் போனாலும் ஒரு துண்டு அடையாவது வுட்டுட்டுதான் மரத்துலேந்து எறங்கணும். எல்லாத்தயும் வழிச்சிட்டா..."

"வழிச்சிட்டா இன்னா ஆவும்?"

சிரித்தான். இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பேச்சும் அப்படித்தான். எதையும் கடைசி வரைக்கும் சொல்ல மாட்டான். என் சின்ன மகள் அப்போது ஏழு வயசுக்காரி, கதை சொல் என்று அவன் சட்டையைப் பிடித்துத் தொங்குவாள். தேன் எடுக்க மரம் ஏறியவன் மேலே பார்த்தால் கரடி உட்கார்ந்திருக்கும் கதை ஒன்று சொன்னான். பிறகு என்ன ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு, நாளைக்கு என்றான். மறுநாள் கேட்டால் மறுபடியும் நாளைக்கு. அவளுக்கு இப்போது மருமகள் வந்தாயிற்று. கரடி இன்னும் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

முதல் கேசட்டில் அவன் இந்தக் குணத்தைக் காட்டவில்லை. செல்வராசு காட்டவிடவில்லை. ஒரே சீராக, கல் உடைக்கிற மாதிரி அடித்துக்கொண்டே போ என்று சொல்லியிருந்தான், இவனும் அடித்தான். சேலத்துக்குப் போய்ப் பதிவு செய்துவந்தார்கள். ஆறு பாட்டு. சூடான எண்ணெயில் கடுகு கொட்டின மாதிரி இருக்கும், தொடங்கினால் முடிகிற வரைக்கும் வெடிதான். என்ன மாயமோ, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. சின்னசேலம் போகிற தனியார் பஸ்ஸில் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில் வாசலில் தொங்கவிட்டார்கள். செல்வராசு முடியைத் தோள் வரைக்கும் வளர்த்துக்கொண்டான். லேத்துப் பட்டறை என்று சொன்ன டிரைவரே, "உன் பட்டறைப் பசங்க எங்கக்கா?" என்று தேடிக் கேட்டார். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கேசட்டுக்குப் பழகத் தொடங்கினபோதுதான் அவன் அவனாக அடிக்க ஆரம்பித்தான். தகரத்துக்கு இந்தப் பக்கம் மாவாட்டிக்கொண்டே கேட்டவள் நான், எனக்குத் தெரியும். முன்பு நாலு நாலாகப் போனது இப்போது ஏழு ஏழாகப் போயிற்று. அவன் அம்மாவும் அத்தையும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற கணக்காம் அது. கிடார்க்காரர்கள் இரண்டு பேரில் ஒருத்தன் அதைப் பிடித்துக்கொண்டான். அலறிக்கொண்டிருந்த கிடார், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி மெல்லத் தொடங்கி, போகப் போகக் கனத்து, கடைசியில் மலையே உருண்டு வருகிற மாதிரி வரும். ஒரே பாட்டு, கால் மணி நேரம். அந்த உச்சியில் எல்லாம் நின்றுவிடும். கிடார் இல்லை, பாட்டு இல்லை, அடி இல்லை. ஏழு எண்ணுகிற நேரம் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் அடியில் இருந்து வேறொரு பாட்டு மாதிரி எழும். பாதிப் பாட்டு அதற்குப் பிறகுதான்.

அந்த ஏழு எண்ணும் நேரத்துக்காகத் தினமும் சண்டை. ஜனம் கேசட் மாட்டிக்கொண்டது என்று நினைத்து டேப்பைத் தட்டும் என்பான் செல்வராசு.

"தட்டட்டும். தட்டிட்டு காதக் கிட்ட கொண்டாரும் இல்ல" என்பான் இவன்.

நானும் செல்வராசு கட்சிதான். உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் இலை போடும்போது, முதல் கேசட் மாதிரியே அடித்துவிட்டுப் போயேன், நாலு பேர் கேட்கிறார்கள், உனக்கென்ன குறைச்சல் என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "அதான் அடிச்சாச்சேக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வாய் மீதி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்தச் சமயத்தில்தான் இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் பற்றிக்கொண்டது. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். புளியமரம், வேப்பமரம், எது இருந்ததோ அது. பஸ் நின்றது, லாரி நின்றது. பஸ் ஸ்டாண்டில் நாய் படுத்துத் தூங்கியது. கொட்டகையிலும் அந்தப் பேச்சுதான். செல்வராசு இவனைப் பார்த்து, "உனக்கின்னாடா, மலைக்காரன், உனக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கான்" என்றான்.

"எடுத்து வெச்சிருக்கறதா சொல்றாங்க. நான் மலைக்காரன்தானான்னு பாத்துட்டு சர்டிபிகேட்டு குடுக்க இன்னும் ஆள் வர்ல. ரெண்டு வருசமா மலையத் தேடிக்கினு இருக்காங்க போல" என்றான் இவன். செல்வராசே சிரித்துவிட்டான். அவர்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

சேலம் போக வழியில்லை. அந்தக் கிடார்க்காரனுக்கு பம்பாயில் மாமன் பட்டறையில் வேலை, ஒரு வாரத்தில் போக வேண்டும். கிடார்களோ வாடகைக்கு எடுத்தவை. அதனால் இரவல் டேப்ரிக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு கொட்டகையிலேயே பதிவு செய்தார்கள். என் ஆறு பிள்ளைகளின் போர்வையும் தகரத்தில் தொங்கியது. ரோட்டில் ஒரு ஹாரன் இல்லை, ஒரு டயர் சத்தம் இல்லை. ஊர் வாயடைத்துக் கிடந்ததால்தான் அந்தப் பாட்டு அவ்வளவு சுத்தமாக வந்தது என்று இவன் சொன்னான். முடிந்ததும் கிடார்க்காரன் சின்னசேலம் வரைக்கும் நடந்துபோய், ரயில் எப்போது விட்டாலும் ஏறிக்கொள்கிறேன் என்று போய்விட்டான். இருந்தது ஒரே ஒரு கேசட். பஸ் விட்டதும் சேலம் கொண்டுபோய்த்தான் பிரதி எடுக்க வேண்டும்.

இங்கே என் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெரிய மகனுக்கு அப்போது பத்தொன்பது. கூட்டத்தோடு ரோட்டுக்குப் போனவனை போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்து நாளாக எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், சிங்கம் மாதிரி அவனாகவே போனான், வருவான் என்றேன். கண்ணில் ஒரு சொட்டு விடவில்லை. வந்த நாலு பேருக்கும் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு எப்படி நிற்கிறாள் பார் என்று தெரு பேசியது. அது என் காதில் விழ வேண்டும் என்றுதான் நானும் நின்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம். கடையில் ஆளில்லை. காலையில் பையன்கள் கேசட்டைப் போட்டுக் கேட்டு, அந்த நின்றுபோகிற இடம் வந்ததும் மறுபடி சண்டை போட்டு, அப்படியே நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். கொட்டகையைப் பெருக்கப் போனேன். சாக்கின் மேல் டேப் இருந்தது. அப்படி என்னதான் இருக்கிறது அந்த இடத்தில், கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

அந்தப் பையன்கள் எப்போதும் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்துவதைத்தான் நான் பார்த்திருந்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நானும் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. சத்தம் வரவில்லை. ஓகோ, இதுதான் அவன் விட்ட இடம் என்று நினைத்து உட்கார்ந்தேன்.

வெளியில் வண்டி இல்லை, ஆள் இல்லை. உள்ளே சக்கரம் மட்டும் சுற்றுகிறது. இப்போது அடி விழும், இப்போது விழும் என்று காத்திருக்கிறேன். விழவில்லை. காத்திருக்கக் காத்திருக்க நெஞ்சுக்குள் என்னமோ இளகிவிட்டது. நான் பேச ஆரம்பித்தேன். யாரிடம் என்று கேட்டால் தெரியாது. என் பிள்ளை தானாகப் போகவில்லை என்று சொன்னேன். அவன் கடையில் தட்டுக் கழுவிக்கொண்டு இருந்தான். "நாலு வூட்டுப் பசங்க போவுது, நீ பொட்டச்சியாட்டம் தட்டு கழுவிக்கினு இரு" என்று நான்தான் பத்துப் பேர் நடுவில் அவனைச் சொன்னேன். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனான். அதைச் சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. பிறகு பொத்தானை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, கொட்டகையைப் பெருக்கிப் பூட்டிவிட்டு வந்தேன். மனசு லேசாக இருந்தது.

சாயங்காலம் அவன் சாப்பிட வந்தான். தோசையைப் போட்டுக்கொண்டே, நீ விட்ட இடத்தைக் கேட்டேன்டா, நீ சொன்னதுதான் சரி என்றேன். கேட்டு அழுதுவிட்டேன் என்றுகூடச் சொன்னேன். அந்த மாதிரி நான் யாரிடமும் சொல்கிறவள் இல்லை. அவன் முகம் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. ஏழு எண்ணுகிற நேரம் சரியாகத்தான் இருக்கிறதா, கம்மியா, ஜாஸ்தியா என்று கேட்டான்.

"ஏழா? ஒரு ஈடு இட்லி வேவற நேரம் இருந்திச்சே" என்றேன்.

வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது. "எத்தினி பொத்தான்க்கா அமுக்கின?"

"ரெண்டுந்தான்."

குனிந்து சாப்பிட்டான். அன்றைக்கு மட்டும் இலையைச் சுத்தமாக வழித்துத் தின்றான். ஒரு துணுக்கு விடவில்லை. நன்றாகச் சாப்பிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி.

தண்ணீர் குடிக்காமல் போய்விட்டானே என்று சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணை மூடியிருந்தான். வெகுநேரம் கேட்டான். ஒயரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவன் வாசலில் என்னைப் பார்த்தான். டேப்பைப் பின்னால் ஓட்டினான். இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினான். டேப்பில் சத்தத்தை வாங்குகிற அந்தச் சின்ன ஓட்டைகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் அந்த இரண்டு பொத்தான் என்ன செய்யும் என்று எனக்கு விளங்கியது. அவன் பாட்டை நான் அழித்திருந்தேன். நான் அழுததை அவன் அழித்துக்கொண்டிருந்தான். சொம்பைக் கையில் வைத்தபடி அது முடிகிற வரைக்கும் நின்றேன்.

மறுநாள் காலையில் செல்வராசு வந்து போட்டான். பாட்டு ஏறிக்கொண்டே போயிற்று, நின்றது. ஏழு எண்ணினான். எழுபது எண்ணினான். ஓட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். "எவன்டா அழிச்சது?"

"நான்தான்" என்றான் இவன்.

"ஏண்டா?"

"புடிக்கல."

செல்வராசு அடித்தான். மூன்று மாசமாக அந்தப் பாட்டோடு சண்டை போட்டவன்தான், ஆனால் அது போனதும் குழந்தை மாதிரி விம்மிக்கொண்டே அடித்தான். "இது இல்லாம மீதி இன்னாத்துக்குடா? கிடாருக்கு எங்க போவேன்? மலைக்காரன நடுவூட்ல உக்கார வெச்சது என் தப்பு" என்றான். இவன் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை.

மூன்று அடி தூரத்தில் நான் அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கே கேட்கிற வாய் எனக்கு. அது திறக்கவில்லை. நான்தான் என்று சொன்னால், அங்கே உட்கார்ந்து என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வேன்? அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் திரும்பாமலே இருந்தது அதற்காகத்தான் என்று இப்போது தெரிகிறது.

பஸ் ஓடாத ஊரில் துணிப்பையை மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் நடந்து போனான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூட நான் கூப்பிடவில்லை.

பதினோராம் நாள் என் மகன் வந்துவிட்டான். வலது காலை இழுத்துக்கொண்டு வந்தான். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறான். சிங்கம் மாதிரி போய்ச் சிங்கம் மாதிரி வந்தான் என்று தெருவுக்குச் சொன்னேன்.

மலைக்குப் போக எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வெள்ளிமலையில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். அவன் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் சாமை குத்திக்கொண்டிருந்தாள், மணிக்கட்டைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போன இடத்தில் மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான் என்றாள். போன மழைக்கு. மேலே வந்த பிறகு அவன் எதையும் தட்டியதே இல்லையாம், ஒரு தகர டப்பாவைக்கூட.

நான் யார் என்று சொன்னேன். அந்த அம்மாள் உலக்கையைச் சாய்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீதானாம்மா அது? கீழ ஒரு அக்கா இருக்குது, என் தாளத்தக் கேட்டு அழுதது அது ஒண்ணுதான்னு சொல்லிக்கினே இருப்பான்" என்றாள்.

சொல்ல வந்ததை எப்படிச் சொல்வேன்? கூழ் கொடுத்தாள், குடித்தேன். குத்தின சாமையை அள்ளும்போது கடைசிப் பிடியை உரலிலேயே விட்டாள். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

செல்வராசு சாக்கடையோரம் வீசிவிட்டுப் போன கேசட்டை நான் எடுத்து அரிசி டின்னில் வைத்திருந்தேன். போன மாசம் பேத்தி அதைச் சங்கராபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து அவள் போனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கேட்டோம். பாட்டு ஏறுகிறது, நிற்கிறது. அப்புறம் ஒன்றுமில்லை. போன் கெட்டுவிட்டது என்று அவள் நிறுத்தப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஈடு இட்லி வேகிற நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நான் அழிக்காமல் தப்பின துண்டு ஒன்று வந்தது. ஆறு அடி. எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழாவது வரவில்லை.

இது யார், ஆயா என்று கேட்டாள். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

போதும்மா, பேனாவ வை. இப்போ மொதல்லேந்து படிச்சிக் காட்டு. மெதுவா வேணாம். உங்கப்பன் வாசல்ல கால நீட்டிக்கினு உக்காந்திருக்கான், அவனுக்குக் கேக்கற மாதிரி படி.